7100 எப்படி வந்தது?

கேள்வி: பிசியோதெரபி முதலாண்டு படிக்கிறேன். தேர்வில் டைடல் வால்யூம், அதாவது சாதாரணமாக ஒரு மூச்சில் போய்வரும் காற்று, 500 மில்லி, அதற்கு மேல் இழுத்தால் உள்ளே போவது 3000, சாதாரணமாக விட்ட பிறகும் முக்கித் தள்ளினால் வெளியே வருவது 1200, எஃப்.ஆர்.சி. 2400 என்று கொடுத்து நுரையீரலின் மொத்தக் கொள்ளளவைக் கேட்டார்கள். முதல் மூன்றையும் கூட்டினால் வைட்டல் கெபாசிட்டி 4700, அதோடு 2400 சேர்த்து 7100 என்று எழுதினேன். அடித்துவிட்டார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை.
- மாணவி, காட்பாடி

பதில்: 1200-ஐ இரண்டு தடவை எண்ணிவிட்டீர்கள் தங்கச்சி, அவ்வளவுதான். காரணம் சொல்லாமல் சிவப்பு மையில் கோடு போட்டு அனுப்புவது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் பாதிப் பேர் இடறுகிற இடம் இதுதான். சாதாரணமாக மூச்சு விட்டு முடித்த அந்த நொடியில் நெஞ்சுக்குள் மிச்சமிருக்கும் காற்றுதான் எஃப்.ஆர்.சி. அதில் முக்கினால் வெளியே வரக்கூடிய 1200-ம் இருக்கிறது, என்ன முக்கினாலும் வராத எஞ்சிய காற்று 1200-ம் இருக்கிறது. அந்த முதல் 1200 உங்கள் 4700-க்குள் ஏற்கெனவே இருக்கிறதே! ஆகவே 500, 3000, 2400 மூன்றையும் கூட்டுங்கள், 5900. அல்லது 4700-உடன் எஞ்சிய 1200, அப்போதும் 5900. வால்யூம் என்று பெயருள்ள நான்கும் ஒன்றோடொன்று கலக்காதவை, கெபாசிட்டி என்பதெல்லாம் அவற்றில் சிலவற்றைச் சேர்த்துக் கட்டிய மூட்டை. இரண்டு மூட்டையைக் கூட்டும் முன் உள்ளே ஒரே பொருள் இருக்கிறதா என்று பிரித்துப் பாருங்கள்.

சரி, அந்த 2400 எப்படிக் கிடைத்தது? மூச்சுக்காற்றை அளக்கும் ஸ்பைரோமீட்டரில் ஊதிக் கிடைக்காது. கோடையில் நம் பக்கத்துக் கிணறுகளில் வாளி எட்டாத அடித்தண்ணீரை இறைத்து அளக்க முடியுமா? அதுபோலத்தான் எஞ்சிய காற்றும். அதனால் ஹீலியம் வைத்துப் பிடிக்கிறார்கள். பானையில் எவ்வளவு தண்ணீர் என்று தெரியாதபோது, உப்பின் அளவு தெரிந்த கரைசலை ஊற்றிக் கலக்கி எவ்வளவு நீர்த்தது என்று பார்ப்பது மாதிரி. 4 லிட்டர் கருவியில் 10 சதவீதம் ஹீலியம். சாதாரண மூச்சு விட்டு முடிந்ததும் நோயாளியை அதோடு இணைக்கிறோம், சில நிமிடம் சுவாசித்ததும் 6.25 சதவீதத்தில் நின்றுவிடுகிறது. ஹீலியம் ரத்தத்தில் கிட்டத்தட்டக் கரையாது, எனவே எங்கும் ஓடிப்போகவில்லை. 4-ஐப் பத்தால் பெருக்கி 6.25-ஆல் வகுத்தால் 6.4 லிட்டர், கருவியின் 4 போக 2.4. நெஞ்சில் காற்று அடைபட்டுக் கிடக்கும் எம்ஃபிசிமா நோயாளிகளிடம் மட்டும் இது குறைத்துக் காட்டும், ஹீலியம் அந்த மூலைக்குப் போகாது. அவர்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார வைத்து அளப்பதே மேல்.

வைட்டல் கெபாசிட்டியை வீட்டிலேயே பார்க்கலாம். 5 லிட்டர் கேனில் அரை லிட்டருக்கு ஒரு கோடு போட்டு, நிறையத் தண்ணீர் பிடித்து, தண்ணீர்த் தொட்டியில் கவிழ்த்து, கேனின் வாய்க்குள் டியூப் விட்டு ஒரே மூச்சில் ஊதுங்கள். ஆங்கிலேய மருத்துவர் ஜான் ஹட்சின்சன் 1846-ல் வெளியிட்ட அளவுகளும் தண்ணீருக்கு மேல் காற்றைப் பிடித்து எடுத்தவைதான், வைட்டல் கெபாசிட்டி என்ற பெயரும் அவர் வைத்தது. வெளியே வந்த காற்று குளிர்ந்து சுருங்கும் என்பதை மறக்காதீர்கள். 20 டிகிரியில் அளந்தால் 1.102-ஆல் பெருக்க வேண்டும், 25-ல் 1.075. வேலூர் மே மாதத்தில் கேனும் தண்ணீரும் உடம்புச் சூடான 37-ஐத் தொட்டுவிட்டால் பெருக்கவே வேண்டாம்.

கேள்வி: அப்பாவுக்கு வயிற்றில் ஆபரேஷன். மூன்று பந்து உள்ள கருவி கொடுத்தார்கள். இரண்டு பந்துதான் ஏறுகிறது, அங்கே 900 என்று போட்டிருக்கிறது. நுரையீரலே 900 மில்லிதானா?
- வாசகர், குடியாத்தம்

பதில்: இல்லை, பயப்படாதீர்கள். அது கொள்ளளவு இல்லை, நொடிக்கு எத்தனை மில்லி உள்ளே இழுக்கிறார் என்ற வேகம். இரண்டு பந்தையும் இரண்டு நொடி மேலே நிறுத்தினால் ஏறக்குறைய 1800 மில்லி உள்ளே போயிருக்கும். அப்புறம், அப்பா ஊதுகிறாரா, உறிஞ்சுகிறாரா என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பலர் பலூன் மாதிரி ஊதிக்கொண்டிருப்பார்கள். உறிஞ்ச வேண்டும், மெதுவாக.