கொலையாளி யாரென்று தெரிந்த பிறகும்

கேள்வி: 'அந்த நாள்' படத்தை ஆளாளுக்குக் கொண்டாடுகிறீர்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது? கொலையாளி யாரென்று ஒருமுறை தெரிந்துவிட்டால் துப்பறியும் படத்தின் கதை அதோடு முடிந்தது. அதுவும் 'ராஷோமோன்' பார்த்து எடுத்த படம். பாட்டு இல்லை என்பதைத் தவிர வேறு என்ன பெருமை?

பதில்: முடிவைச் சொல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதில் எழுத முடியாது. படத்தை இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

முதலில் 'ராஷோமோன்'. 1950இல் வந்த ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் அந்தப் படம், 'அந்த நாள்' எடுத்த எஸ். பாலசந்தரைத் தூண்டியது உண்மைதான், யாரும் மறைக்கவில்லை. ஆனால் அங்கே காட்டில் நடந்த ஒரே சம்பவத்தை நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்கிறார்கள். ஒருவர் சொல்வது இன்னொருவர் சொல்வதை அடித்துப் போடுகிறது. கடைசிவரை உண்மை யார் கைக்கும் சிக்குவதில்லை. 'அந்த நாள்' படத்தில் விசாரிக்கப்படுகிறவர்கள் தங்கள் மனத்தாங்கலைச் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கை காட்டுகிறார்கள். சுட்டுக் கொல்லப்பட்ட ராஜனின் தம்பி பட்டாபி, தன் மனைவி ஹேமாவையே சந்தேகப்படுகிறான். ஹேமா, ராஜனின் ஆசைநாயகி அம்புஜத்தைச் சொல்கிறாள். அம்புஜம், எதிர்வீட்டுச் சின்னையா பிள்ளையைச் சொல்கிறாள். ஆக, பாலசந்தர் 'ராஷோமோன்' படத்திடம் கடன் வாங்கியது நிஜம், அந்தப் பணத்தில் கட்டிய வீடு வேறு. முக்கியமாக, இந்தப் படத்தில் உண்மை கிடைத்துவிடுகிறது. கிடைத்த பிறகுதான் சிக்கலே ஆரம்பிக்கிறது.

பாட்டு விஷயத்தை ரொம்ப நீட்ட வேண்டாம். பாட்டே இல்லாமல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் அது. எடுத்தவர் பெரிய வீணை வித்வான். இசையின் அருமை தெரிந்தவர், இந்தக் கதை நடுவில் நின்று பாடினால் இறுக்கம் போய்விடும் என்று கண்டுகொண்டார். ஏவி. மெய்யப்பனும் துணிந்து பணம் போட்டார். 1954இல் படம் வந்தபோது வசூல் இல்லை. தேசிய விருதுகளில் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. ஆனால் பாட்டில்லாததற்காக மட்டும் ஒரு படத்தை எழுபது வருஷமாக யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

இனி உங்கள் முக்கியக் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். மர்மப் படம் என்றால் மறைத்து வைத்த ஒரு தகவல், அது வெளிவந்ததும் தீர்ந்தது என்று நினைக்கிறீர்கள். இதே பாலசந்தர் 1964இல் எடுத்த 'பொம்மை' படத்தைப் பாருங்கள். பொம்மைக்குள் வெடிகுண்டு இருப்பது நமக்கு முன்பே தெரியும். அது கைமாறிக் கைமாறிப் போவதைப் பார்த்துத்தான் பதறுகிறோம். விஷயம் தெரிந்ததால் வரும் பதற்றம் அது. 1970இல் அவர் எடுத்த 'நடு இரவில்', யார் கொலைகாரர் என்கிற கேள்வியை நம்பியே நிற்கிற படம். எனக்குப் பிடித்ததுதான், ஆனாலும் இரண்டாம் முறை பார்க்கும்போது பிடி தளர்ந்துவிடுகிறது. ஆகவே நீங்கள் சொல்வது சில படங்களுக்குப் பொருந்தும். 'அந்த நாள்' படத்துக்குப் பொருந்தாது.

உஷாவை எடுத்துக்கொள்ளுங்கள். ராஜனின் மனைவி, பண்டரிபாய் நடித்த பாத்திரம். முதல் தடவை பார்க்கும்போது அவளைத் தாண்டிப் போய்விடுகிறோம். கணவனைப் பறிகொடுத்தவள், பேசக்கூடிய நிலையில் இல்லை என்று அதிகாரிகளே அவளை விட்டுவிட்டு மற்றவர்களிடம் போகிறார்கள், நாமும் கூடவே போகிறோம். உஷா கையில் இருந்த துப்பாக்கிதான் வெடித்தது என்று தெரிந்தபின் மறுபடி பாருங்கள். அந்த முகத்தில் ஒரு பொய்கூட இல்லை. துக்கம் முழுக்க முழுக்க நிஜம். உயிருக்குயிராக நேசித்தவனைத் தன் கையாலேயே இழந்தவளின் துக்கம் அது. முதல் தடவை விதவையின் அழுகையாகத் தெரிந்தது, அடுத்த தடவை அப்படியே இருந்தபடி வேறொன்றாகத் தெரிகிறது. நடிகை நம்மிடம் எதையும் ஒளிக்கவில்லை, நாம்தான் பார்க்கவில்லை. 'பராசக்தி'யில் சிவாஜியோடு ஜோடியாக வந்தவர் இவர். அவருடைய நடிப்பைப் பற்றி நாம் பேசுவது போதவே போதாது.

ராஜனாக நடித்த சிவாஜியைப் பாருங்கள். படம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே செத்துவிடுகிறார். அதன்பிறகு மற்றவர்கள் வாய்ச்சொல்லில்தான் ராஜன் வாழ்கிறான். சொத்தைப் பிரித்துத் தராத அண்ணன், மனைவிக்குத் தெரியாமல் இன்னொருத்தியிடம் போகிறவன் என்று ஒவ்வொருவரும் ஒரு ராஜனைக் காட்டுகிறார்கள். எல்லாம் வீட்டுக்குள் நடக்கிற தப்புகள். சொத்துத் தகராறு, பொறாமை, கள்ள உறவு என்று நமக்குப் பழகிய காரணங்களிலேயே நம் புத்தி சுற்றிக்கொண்டிருக்கும்போது, பெரிய துரோகம் அவற்றின் பின்னால் மறைந்து நிற்கிறது. ஜாவர் சீதாராமன் எழுத்தின் சாமர்த்தியம் இது. துப்பறியும் அதிகாரி சிவானந்தமாக வருபவரும் அவர்தான்.

அந்தத் துரோகம் என்ன? ராஜன் வானொலிப் பொறியாளன். ஏழைகளுக்கும் எட்டுகிற விலையில் வானொலி செய்ய ஆசைப்பட்டவன். அதற்கு ஆதரவு கிடைக்காத கசப்பில், ஜப்பானியருக்கு ரகசியத் தகவல் அனுப்புகிறவனாக மாறிவிட்டான். கதை நடப்பது 1943 அக்டோபரில், சென்னையில் ஜப்பான் விமானம் குண்டு போட்ட சமயத்தில். இது சும்மா ஒரு பின்னணி இல்லை. 1942 ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு விழுந்ததும் சென்னையில் பாதி ஊர் மூட்டை கட்டியது. இருட்டடிப்பும் சங்கொலியும் ரயிலில் இடம் பிடிக்கப் பட்ட பாடும் 1954இல் கொட்டகையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் சொந்த அனுபவம். அந்தக் குண்டுக்கு வழிகாட்டியவன் தங்கள் பிரியமான நாயகன் என்று திரை சொல்கிறது. எவ்வளவு பெரிய துணிச்சல்!

ஆனால் இங்கேதான் எனக்குத் தூக்கம் கெடுகிறது. 1943இல் சென்னையை ஆண்டது வெள்ளைக்காரன். படம் காட்டும் நாளுக்குப் பத்து நாள் கழித்து, அக்டோபர் 21 அன்று, நேதாஜி சிங்கப்பூரில் சுதந்திர இந்திய அரசைப் பிரகடனம் செய்தார், ஜப்பானின் துணையோடு. மலேயாவின் ரப்பர் தோட்டங்களில் உழைத்த தமிழர்கள் ஏராளமாக அவர் படையில் சேர்ந்தார்கள். ஜான்சி ராணி படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமி சென்னையில் பிறந்து வளர்ந்தவர். அவர்களைத் தியாகிகள் என்று கும்பிடுகிறோம். அப்படியானால் ராஜன் மட்டும் எப்படித் துரோகி? அவன் காட்டிக்கொடுத்தது யாரை, பிரிட்டிஷ் அரசையா, பக்கத்து வீட்டுக்காரனையா?

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். நேதாஜியின் வீரர்கள் தங்கள் உயிரைப் பணயம் வைத்தார்கள். ராஜன் தூங்குகிற ஊரின் உயிரைப் பணயம் வைத்தான், அதுவும் தன்னை மதிக்கவில்லை என்கிற சொந்தக் கோபத்தில். அதனால் நான் உஷா பக்கம். அவனைத் தடுக்க வேண்டும் என்று அவள் நினைத்தது சரி. அப்புறம் அந்தத் துப்பாக்கி? போலீசிடம் சொல்லியிருக்கலாமே என்றால், எந்த நாட்டுப் போலீசிடம்? சுதந்திரத்துக்கு ஏங்குகிற ஒரு பெண் தன் புருஷனை வெள்ளைக்கார அரசிடம் பிடித்துக்கொடுப்பதா? இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் அந்த இடத்தில் தடுக்கி நிற்கிறேன்.

இதெல்லாம் கொலையாளி யாரென்று தெரிந்தவருக்கு மட்டுமே வருகிற கேள்விகள். தெரியாமல் பார்க்கிறவருக்கு இவற்றை யோசிக்க நேரமே இருக்காது. நீங்கள் ஒருமுறை பார்த்துவிட்டு எழுதியிருக்கிறீர்கள் என்று கேள்வியிலேயே தெரிகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள், இன்னொரு முறை பாருங்கள், இந்தத் தடவை உஷாவை மட்டும் கவனித்துக்கொண்டு. வீட்டில் நாலு பேரோடு பார்த்தால் இன்னும் நல்லது. முடிந்ததும் அவள் செய்தது சரியா என்று கேளுங்கள். வந்த பதில்களை எனக்கு எழுதி அனுப்புங்கள், உங்கள் பதிலையும் சேர்த்து.