யாங்கோன் அடுக்குமாடி வீட்டில் சமையலறையை எப்படிச் சுத்தமாக வைத்துக்கொள்வது?

கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறோம், ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சமையலறையைத் தேய்த்தே போய்விடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். யாங்கோன் என்றால் அநேகமாக நீளவாக்கு வீடு, கடைசியில் சமையலறை, பின்பக்கச் சந்துப் பக்கம் பார்த்து ஒரு ஜன்னல், கரண்ட் இருந்து மோட்டார் ஓடினால்தான் தண்ணீர். அப்படி வைத்தே சொல்கிறேன்.

ஞாயிற்றுச் சுத்தத்தை விட்டுவிடுங்கள். இந்த ஊர்ச் சமையலில் எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை வெங்காயத்தை வதக்குகிறோம், அதோடு நம் தாளிப்பும் சேர்கிறது. அடுப்புக்குப் பின்னால் டைல்ஸில் தெறிக்கும் எண்ணெய் அன்றைக்கே துடைத்தால் சோப்புத் துணிக்கு வந்துவிடும். ஒரு வாரம் விட்டால் சூட்டிலும் காற்றிலும் இறுகிப் பிசினாகிவிடும். விரலை வைத்தால் ஒட்டும், நகத்தால் சுரண்டினால் மஞ்சள் மெழுகு போல் வரும். ஏற்கெனவே அப்படி ஆகியிருந்தால் ஒரு லிட்டர் வெந்நீரில் 2 மேசைக்கரண்டி வாஷிங் சோடா கரைத்து, பழைய துணியை அதில் நனைத்து டைல்ஸில் ஒட்டி 10 நிமிடம் விடுங்கள். பிறகு துடைத்தால் போதும், தேய்க்க வேண்டாம். கையுறை கட்டாயம். அலுமினியப் பாத்திரத்தில் மட்டும் இதைப் போடாதீர்கள், கறுத்துவிடும்.

தினசரி வேலை இரவில் 15 நிமிடம்தான். கரண்ட் இருக்கும்போதே ஒரு வாளித் தண்ணீர் பிடித்து வையுங்கள். கடாயில் மிஞ்சிய எண்ணெயைப் பழைய செய்தித்தாளால் வழித்துக் குப்பையில் போடுங்கள். பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினால் குழாய்க்குள் உறைந்து, கீழ்மாடிக்காரர் வந்து கதவைத் தட்டுவார். கழுவும்போது முதலில் டம்ளர், பிறகு தட்டு, கடைசியில் எண்ணெய்ப் பாத்திரம். அப்போதுதான் ஒரே சோப்புத் தண்ணீர் கடைசிவரை வரும். அடுப்பு வெதுவெதுப்பாக இருக்கும்போதே மேடையையும் டைல்ஸையும் துடைத்துவிடுங்கள். முடிவில் தொட்டியை உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். இது அதிகப்படி என்று சிலர் சொல்வார்கள், தெரியும். ஆனால் கரப்பான் சாப்பாடு இல்லாமல் வாரக்கணக்கில் தாங்கும், தண்ணீர் இல்லாமல் அவ்வளவு தாங்காது. இரவில் அது தேடி வருவது அந்த ஈரத்தைத்தான்.

மற்ற வேலைகளை நாளுக்கு ஒன்றாகப் பத்து நிமிடம் வையுங்கள்: ஒரு நாள் பர்னர், ஒரு நாள் ஃப்ரிட்ஜ், ஒரு நாள் அஞ்சறைப்பெட்டி அலமாரி, ஒரு நாள் ஜன்னல் கம்பி. சுடர் மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடி கரியானால் பர்னர் துளை அடைத்திருக்கிறது. ஊசியால் குத்தி, கழுவி, நன்றாகக் காய்ந்தபிறகே மாட்டுங்கள்.

குழாய்க்கிணற்றுத் தண்ணீர் வரும் வீடுகளில் தொட்டியில் செம்பழுப்புக் கறை விழும். அது இரும்பு. பலரும் பிளீச்சை ஊற்றுகிறார்கள், கறை இன்னும் இறுகும். எலுமிச்சைச் சாற்றில் நனைத்த துணியைக் கால் மணி நேரம் போட்டுவைத்துத் தேய்த்தால் போய்விடும். எலுமிச்சையோ வினிகரோ பட்ட இடத்தை நன்றாக அலசாமல் பிளீச் பக்கமே போகாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், நம் சமையலறைகளில் காற்றோட்டமும் குறைவு. மீன் வெட்டிய பலகைக்குப் பிளீச் வேண்டுமென்றால், சோப்பால் கழுவியபிறகு ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரில் 20 மில்லி, ஐந்து நிமிடம், பிறகு அலசல். வெந்நீரில் கலந்தால் வீரியம் போய்விடும்.

மீனையோ இறாலையோ புளிக்கவைத்துச் செய்யும் இந்த ஊர் விழுதான ங்காப்பியைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இறுக்கமான மூடி போட்ட கண்ணாடிப் பாட்டிலில் வைத்து, எடுக்கும் கரண்டியை உடனே கழுவினால் வாடை அலமாரியில் தங்காது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மேல்மாடியிலிருந்து பின்சந்தில் குப்பைப் பையை வீசுகிறார்களே, அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. நாம் உள்ளே எவ்வளவு துடைத்தாலும் எலி அங்கிருந்துதான் கழிவுநீர்க் குழாய் ஓரமாக ஏறி வருகிறது. கட்டடத்தில் எல்லோரும் கூடிப் பேசாமல் இது தீராது. அதுவரை ஜன்னலுக்குக் கொசுவலை போதாது, எலி அதைக் கடித்துவிடும். அரை அங்குலத்துக்கும் குறைந்த கண்ணுள்ள இரும்பு வலை அடியுங்கள். குழாய் சுவருக்குள் போகும் ஓட்டையில் இரும்பு நாரைத் திணித்துச் சிமெண்ட் பூசுங்கள். மழை மே மாதமே பிடித்துவிடும், அதற்கு முன்பு பூசினால்தான் சிமெண்ட் ஒழுங்காகக் காயும்.