வாட்ஸ்அப் படத்துக்கு ஓகே போடாதீர்கள்

கேள்வி: கொடைக்கானலில் வீட்டிலேயே சாக்லேட் செய்து விற்கிறேன். 200 கிராம் அட்டைப்பெட்டி 2,000 அடிக்க வத்தலக்குண்டு ஏஜெண்டிடம் கொடுத்திருக்கிறேன். அச்சு சிவகாசியில். டிசைனை வாட்ஸ்அப்பில் அனுப்பி, ‘ஓகே சொன்னால் இன்றே மெஷினில் ஏற்றிவிடலாம், சீசன் நெருங்குது’ என்கிறார். சொல்லலாமா?

பதில்: வேண்டாம். அந்த ‘ஓகே’யோடு பிழைக்கான பொறுப்பு உங்கள் தலைக்கு வந்துவிடும். நாளை தகராறு என்றால் அவர் முதலில் எடுத்துக் காட்டுவது அந்த மெசேஜைத்தான்.

ஃபோட்டோவாக வரும் படத்தை வாட்ஸ்அப் சுருக்கிவிடும். பொடி எழுத்து மங்கும், அளவும் தெரியாது. பிடிஎஃப்பை டாகுமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். ஜெராக்ஸ் கடையில் ஏ3 தாளில் ‘ஆக்சுவல் சைஸ்’ வைத்து பிரிண்ட் எடுங்கள். ‘ஃபிட் டு பேஜ்’ வைத்தால் எல்லாம் பாழ். வெட்டுக்கோட்டில் கத்தரித்து, மடித்து ஒட்டி, சாக்லேட்டை உள்ளே வையுங்கள். மூடி சரியாக மூடுகிறதா, மடிப்பில் பெயர் தலைகீழாக நிற்கிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. நிறம் நீண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெட்டு துளி நகர்ந்தாலே ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும்.

அடர் பழுப்பின் மேல் வெள்ளைப் பொடி எழுத்து ஆகவே ஆகாது. பழுப்பு என்பது ஒன்றன்மேல் ஒன்றாக விழும் பல மைகள். மயிரிழை விலகினாலும் எழுத்தின் உட்குழி அடைந்துவிடும். சேர்மானப் பட்டியலை வெளிர் பின்னணியில், கறுப்பு மை ஒன்றில் மட்டும் போடச் சொல்லுங்கள். நிறத்துக்கு ஃபோனை நம்பாமல், அதே அட்டையில் ஒரு கலர் பிரிண்ட் கேளுங்கள். அதுவும் அச்சு நிறத்துக்குக் கிட்டத்தட்டதான்.

ஊர்ப்பெயரை உற்றுப் பாருங்கள். ‘கொடை’ சுலபமாக ‘கோடை’ ஆகிவிடும். ஃபாண்ட் மாறினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போகும். யூனிகோடு வந்து இத்தனை வருடமாகியும் பழைய ஃபாண்டிலேயே டைப் அடித்துக்கொண்டிருந்தால் வேறு என்ன நடக்கும்? எஃப்எஸ்எஸ்ஏஐ எண், அதாவது உணவு உரிம எண், 14 இலக்கம். ஒருவர் சான்றிதழைப் பார்த்து வாசிக்க, மற்றவர் ப்ரூஃபில், அதாவது அச்சுக்கு முன் எடுக்கும் மாதிரிப் பிரதியில், சரிபாருங்கள். பின்கோடு 624101, ஃபோன் எண், எடை எல்லாவற்றையும் இப்படியே பாருங்கள். அச்சுக்கு முன் லேபிளைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றால் எந்த ஆபீஸிலும் பொறுப்பேற்க மாட்டார்கள். அச்சான பிறகுதான் குறை சொல்ல வருவார்கள்.

பேட்ச், தேதி, விலை குத்தும் கட்டத்தில் லேமினேஷனோ வார்னிஷோ வரக்கூடாது. வந்தால் முத்திரை மை உலராது, விரலோடு வந்துவிடும்.

ப்ரூஃப் இல்லாமல் விடக்கூடிய இடம் ஒன்று உண்டு: பழைய பெட்டியையே மறுபடி அடிப்பது. அதுவும் அதே அச்சகம், அதே பிளேட் (அச்சுத் தகடு), அதே அட்டை என்றால் மட்டும். ‘பிளேட் போயிடுச்சு, ஃபைல் இருக்கு’ என்றால் அது புது வேலைதான், ப்ரூஃப் கேளுங்கள். ‘ஃபோன் நம்பரை மட்டும் மாத்தியிருக்கோம்’ என்றாலும் கேளுங்கள். நம்பரை மாற்றும்போது பக்கத்து வரி நகரும்.

ஏஜெண்டுகள் விஷயம். உங்கள் பெட்டியை இன்னும் நாலு பேர் வேலையோடு ஒரே ஷீட்டில் சேர்த்து ஓட்டுவார்கள். விலை குறையும், ஆனால் நிறம் அடுத்தவர் படத்துக்காகத் திருத்தப்படும். ‘என் வேலை தனி ஷீட்டா?’ என்று இப்போதே கேளுங்கள். திறந்து திருத்தக்கூடிய ஒரிஜினல் ஃபைலையும் பாக்கி கொடுக்கும் முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு கேட்டால் டிசைனர் ஊரில் இருக்க மாட்டார்.

திருத்தங்களை ஃபோனில் சொல்லாமல் பிரிண்டில் சிவப்புப் பேனாவால் குறித்து அனுப்புங்கள். திருத்திய ப்ரூஃப் வந்ததும், திருத்திய இடத்தை மட்டும் பார்க்காமல் முழுவதையும் மறுபடி வாசியுங்கள். எல்லாம் சரி என்றால், வெறும் ஓகேக்குப் பதில் இப்படி எழுதுங்கள்: ‘இத்துடன் உள்ள பிடிஎஃப் மட்டும், 2,000 பெட்டி, தனி ஷீட், பேசிய அட்டை, பேசிய ஜிஎஸ்எம் (அட்டையின் கனம்), தேதிக் கட்டத்தில் வார்னிஷ் இல்லாமல். இதில் எது மாறினாலும் என்னிடம் கேட்ட பிறகே அச்சு.’