கரண்டைக்கால் ஆபரேஷன்: கிளினிக்கா, பெரிய ஆஸ்பத்திரியா?

பாதம், கரண்டை (கணுக்கால்) ஆபரேஷனை டாக்டரின் சொந்தக் கிளினிக்கிலேயே செய்துகொள்ளலாமா, பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டுமா, கிளினிக்கில் செலவு பாதிதானே என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் இது உங்களுக்கு இல்லை, அம்மாவுக்கோ அப்பாவுக்கோ என்று தோன்றுகிறது. அவர்களுக்குச் சர்க்கரையும் இருக்கும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நான் டாக்டர் இல்லை. கிளினிக் நடத்துபவர்கள்மேல் எனக்குப் பகையும் இல்லை. என் கால் பெருவிரல் நகம் சதைக்குள் வளர்ந்து சலம் (சீழ்) வைத்தபோது குமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் ஒரு சின்னக் கிளினிக்கில்தான் எடுத்தேன். விரலின் அடியில் மரக்க ஊசி போட்டு, நகத்தின் ஓரத்தை நெடுக வெட்டி, வேரில் மருந்து வைத்துக் கட்டினார்கள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நானே நடந்துபோய் பஸ் ஏறினேன். கால் ஆணி, உள்ளே ஒடிந்து நிற்கும் முள், தோலுக்கடியில் சின்னக் கட்டி, இதற்கெல்லாம் பெரிய ஆஸ்பத்திரியில் போய்க் காத்துக்கிடக்கத் தேவையில்லை என்றுதான் இப்போதும் சொல்வேன்.

ஆனால் எலும்பில் பிளேட் வைக்கும் வேலை அப்படி இல்லை. அதை என் அம்மாவின் காலில் கற்றுக்கொண்டேன்.

அம்மாவுக்கு அப்போது 63 வயது, சர்க்கரை வந்து 14 வருடம். வீடு வேர்க்கிளம்பிப் பக்கம். எடவப்பாதி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், அடுக்களைப் பின்நடையில் பாசி வழுக்கி விழுந்துவிட்டாள். பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பி நின்றது. எக்ஸ்ரேயில் கரண்டையின் இரண்டு பக்கமும் ஒடிவு.

எலும்புக்குக் கட்டுப்போடும் நாட்டு வைத்தியர், ஆசானிடம் கொண்டுபோ என்றுதான் சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள். ஆசான்களைப் பழித்துவிட்டேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். என் தாத்தாவின் இறங்கிப்போன தோளை ஒரு ஆசான்தான் ஏற்றிவைத்தார், அதற்குப் பிறகு அவர் இருபது வருடம் ரப்பர் பால் வெட்டினார். ஆனால் பூட்டே (மூட்டே) விலகி நிற்கும் ஒடிவை எண்ணெய்க்கட்டில் நேராக்க முடியாது. அதில் நான் உறுதியாக நின்றேன்.

எங்கே ஆபரேஷன் என்பதில் மட்டும் என் பேச்சு எடுபடவில்லை. அண்ணன் சார்ஜாவில் இருக்கிறான். அவனுடைய கூட்டுக்காரன் ஒருவனுக்கு ஒரு கிளினிக்கில் முட்டு சரியானதாம். அங்கேதான் என்று அண்ணன் வீடியோ காலிலேயே முடிவு செய்துவிட்டான். எட்டுக் கட்டில், ஒரே எலும்பு டாக்டர், மயக்க டாக்டர் வெளியிலிருந்து வந்து போவார். மொத்தம் 65,000 ரூபாய் என்றார்கள். பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கேட்டார்கள்.

விழுந்த மூன்றாம் நாள் முதுகில் ஊசி போட்டு ஆபரேஷன் நடந்தது. அன்றைக்குக் காலையில் அம்மாவின் கால் எப்படி இருந்தது என்பது எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. வாழைத்தண்டு மாதிரி வீங்கி, தோல் பளபளவென்று இழுத்துப் பிடித்து, உள்பக்கம் இரண்டு நீர்ப்பொக்களம். நான் கேட்டேன். பயப்படாதீர்கள், வழக்கம்தான் என்றார்கள். எலும்பு வேலை சுத்தமாகத்தான் நடந்தது, அதைக் குறை சொல்லமாட்டேன். வெளிப்பக்கம் பிளேட், உள்பக்கம் இரண்டு ஸ்குரூ. பின்னால் படம் பார்த்த வேறு டாக்டர்களும் நன்றாக வைத்திருக்கிறார் என்றார்கள்.

ஒன்பதாம் நாள் கட்டு மாற்றும்போது தையலின் ஓரம் கறுத்திருந்தது. சாயங்காலம் துணி நனைந்தது, வாடை வந்தது. குளிர்க்காய்ச்சல். சர்க்கரை பார்க்கச் சொன்னால் குத்திப் பார்க்கும் மெஷினில் பேட்டரி இல்லை. எதிர் மருந்துக்கடையில் வாங்கிவந்து பார்த்தோம், 340. ராத்திரி பத்தரை மணிக்கு அங்கே இருந்தது ஒரு நர்ஸ் பிள்ளை மட்டும். "அக்கா, டாக்டர் காலைலதான் வருவாரு, போன் எடுக்கல" என்று அவள் அழாத குறை. அவளைச் சொல்லி என்ன பயன்?

பக்கத்து வீட்டு ஜீப்பில் தூக்கிப்போட்டு அழகியமண்டபம், தக்கலை, வில்லுக்குறி வழியாக ஆசாரிபள்ளம் அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஒவ்வொரு குழிக்கும் அம்மா என் கையைப் பிடித்து நெரித்தாள். போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்தில் சர்க்கரைக்கு ஒரு டாக்டர், எலும்புக்கு ஒரு டாக்டர் பார்த்துவிட்டார்கள். இன்சுலின் ஏற்றினார்கள். மறுநாள் தையலைத் திறந்து கழுவினார்கள். பிளேட்டை எடுக்கவேண்டி வருமோ என்று பயந்தோம், எடுக்காமலே காப்பாற்றினார்கள். 24 நாள் கிடந்தோம். கூட்டம்தான், கட்டிலுக்கடியில் பாய் விரித்துத்தான் நான் தூங்கினேன். ஆனாலும் எந்த ராத்திரியிலும் கூப்பிட்ட குரலுக்கு ஒரு டாக்டர் வந்தார்.

அங்கே படிக்கும் ஒரு இளம் டாக்டர்தான் தப்பு எங்கே என்று எனக்குக் காட்டித் தந்தார். பக்கத்துக் கட்டில் கரண்டை ஒடிவுக்காரரின் காலைத் தொட்டு, "இந்தத் தோல்ல சுருக்கம் விழணும்க்கா. அதுவரைக்கும் கத்தி வைக்கமாட்டோம்" என்றார். கரண்டையைச் சுற்றித் தோல்தான், கீழே சதையே கிடையாது. வீங்கி இழுத்துப் பிடித்திருக்கும்போது கீறினால் தையல் போட்ட இடம் ஒட்டாது, அதோடு சர்க்கரையும் சேர்ந்தால் உள்ளே இருக்கும் பிளேட் வரைக்கும் சலம் இறங்கும். காலை உயர்த்திவைத்து, பூட்டை நேராக்கிக் கட்டுப்போட்டு, ஒரு வாரம், பத்து நாள், சிலருக்கு இரண்டு வாரம்கூடக் காத்திருப்பார்களாம். அந்தக் கட்டில்காரருக்குப் பதினோராம் நாள் செய்தார்கள். பன்னிரண்டாம் நாள் அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என் அம்மா அப்போதும் முனகிக்கொண்டிருந்தாள்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எங்களிடம் இருந்தது. குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை, ஆண்டு வருமானம் 1,20,000க்கு உள்ளே இருப்பவர்களுக்கு. ஆனால் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில்தான் அது செல்லும். அந்தக் கிளினிக் அதில் இல்லை. அட்டையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு 65,000 கட்டினோம்.

கேட்காததையும் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். பணம் அனுப்புகிறவன்தான் முடிவெடுப்பவன் என்று நம் வீடுகளில் ஆகிவிட்டது. அம்மாவுக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது, பாதத்தில் உணர்ச்சி எவ்வளவு குறைந்திருக்கிறது, கொதிக்கிற மண்ணில் செருப்பில்லாமல் நின்றாலும் தெரியாது என்பதெல்லாம் தினம் அவள் காலைக் கழுவித் துடைக்கிற எனக்குத்தான் தெரியும். "நீ சும்மா இரு, நான் பேசிட்டேன்" என்று அண்ணன் சொன்னது இன்னும் உள்ளே கிடக்கிறது. அவன் பாசக்காரன்தான். இருந்தாலும் அன்றைக்கு ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கலாம். கட்டிக்கொடுத்த மகள் என்றால் பெட்பேன் எடுக்க மட்டும்தானா?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சர்க்கரை, இதயம், கிட்னி எதுவும் இல்லாதவர், விரலை மட்டும் மரக்க வைத்துச் செய்கிற வேலை என்றால் கிளினிக் போதும். பிளேட், ஸ்குரூ என்று உள்ளே இரும்பு வைப்பதானால், முதுகில் ஊசி போடுவதானால், சர்க்கரை டாக்டரும் மயக்க டாக்டரும் ராத்திரியிலும் இருக்கிற இடத்துக்குப் போங்கள். சர்க்கரைக்காரருக்குக் கால் ஆணியை வெட்டுவதானால்கூடப் ரத்தம் ஓடுகிறதா என்று பாதத்தின் மேல் நாடி பார்த்தார்களா என்று கவனியுங்கள். கட்டுப்போட்டுக் கிடக்கும் நாட்களில் கெண்டைக்கால் வலித்து வீங்கினாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ ரத்தம் கட்டியிருக்கலாம், அப்போது ஒரு நிமிடம் தாமதிக்காதீர்கள். சின்ன இடத்திலும் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்கிற டாக்டர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று நான் சொல்லவில்லை.

அப்படி ஒரு கிளினிக் என்று உங்களுக்கு யாராவது சொன்னால், தேதி குறிக்குமுன் ஒரு நாள் ராத்திரி ஒன்பதரை மணிக்கு மேல் அங்கே போய் நில்லுங்கள். யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். சர்க்கரை பார்க்கும் மெஷினைக் காட்டச் சொல்லுங்கள்.