மூன்றாம் வரிசை

அன்புள்ள ஆசிரியருக்கு,

எழுத வருவதற்கு முன் கோவில்பட்டியில் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்த்ததாக எங்கோ இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். அந்த இரண்டு வரி கொடுத்த தைரியத்தில்தான் இந்தக் கடிதம்.

நான் திருச்சியில் கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிறேன். வயது இருபத்தொன்பது. பொறியியல் படித்து, இரண்டு வருடம் ஒரு கம்பெனியில் இருந்து, பிடிக்காமல் இதற்கு வந்தேன். எனக்குப் பிடித்தது கேண்டிட், அதாவது யாரையும் நிறுத்திப் போஸ் கொடுக்கச் சொல்லாமல் எடுப்பது. தாலி ஏறும்போது பெண்ணின் அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வதையோ, பந்தியில் ஒரு குழந்தை அப்பளத்தை முகத்துக்கு நேரே கண்ணாடிபோல் பிடிப்பதையோ எடுத்துவிட்டால் அன்றைக்கு நிம்மதியாகத் தூக்கம் வருகிறது. வாடிக்கையாளர்களும் அதற்காகத்தான் வருகிறார்கள். ஆனால் முக்கால்வாசி நேரம் மேடையிலேயே போய்விடுகிறது. வரிசையில் நானூறு பேர். ஏறுகிறார்கள், கவர் கொடுக்கிறார்கள், கேமராவைப் பார்க்கிறார்கள், இறங்குகிறார்கள். பிறகு குரூப் போட்டோ. மாமா வீட்டார் வந்து நின்றால் சித்தப்பா வீட்டார் சாப்பிடப் போயிருப்பார்கள். சுங்கச்சாவடியில் உட்கார்ந்திருப்பவருக்கும் எனக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

என்னோடு படித்தவன் கானுயிர்ப் படங்கள் எடுக்கிறான், கண்காட்சி வைக்கிறான். என் அப்பாவோ, பையன் என்ன செய்கிறான் என்று யாராவது கேட்டால் 'சொந்தத் தொழில்' என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுகிறார்.

இரண்டு கேள்விகள். நான் செய்வது கலையா? வரும் ஆவணியிலிருந்து 'கேண்டிட் மட்டும், குரூப் போட்டோ எடுப்பதில்லை' என்று அறிவித்துவிடலாம் என்றிருக்கிறேன். சரியா?

பெயரை வெளியிட வேண்டாம்.

க.,
திருச்சி

*

அன்புள்ள க.,

முதல் கேள்வியை விட்டுவிடுகிறேன். கலையா இல்லையா என்று பேச உட்கார்ந்தால் கடைசிப் பந்தியும் முடிந்துவிடும். போட்டோக்காரனுக்கு எப்போதும் கடைசிப் பந்திதான், அதிலும் பாயசம் தீர்ந்துபோயிருக்கும். இரண்டாவது கேள்விக்குப் பதில்: அறிவிக்காதீர்கள். காரணத்தைச் சொல்லக் கொஞ்சம் சுற்றிவர வேண்டியிருக்கிறது.

1986-இல் அந்த ஸ்டூடியோவில் சேர்ந்தேன். முதலாளியை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. பள்ளிக்கூடம் திறக்கிற ஜூனில் பாஸ்போர்ட் அளவுப் படங்கள் கைகொடுக்கும். மற்ற மாதங்களில் முகூர்த்த நாள்தான் சோறு.

ஃபிலிம் காலத்துப் பயம் உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஒரு ரோலில் முப்பத்தாறு படம். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கும்போது எண் முப்பத்தைந்தைக் காட்டினால் தொலைந்தோம். அதனால் தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்காகச் சபையைச் சுற்றக் கிளம்பியதுமே, ஏழெட்டுப் படம் மிச்சமிருந்தாலும் ரோலை மாற்றிவிட வேண்டும். ஃபிளாஷ் ஒருமுறை மின்னினால் மறுபடி சார்ஜ் ஏறச் சில வினாடிகள் ஆகும். பேட்டரி களைத்திருந்தால் பத்துப் பதினைந்து வினாடிகூட ஆகும். கெட்டிமேளம் அதற்காகக் காத்திருக்காது. நாத்தனார் மூன்றாவது முடிச்சைப் போட்டு, அட்சதை எல்லாம் விழுந்து முடிந்த பிறகு அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு நிதானமாக எரியும்.

ஒருமுறை எனக்குத் தவறிவிட்டது. தாலி இருக்க வேண்டிய இடத்தில் தாய்மாமனின் முழங்கை. கண்ணில் நீர் முட்ட நின்றேன். அண்ணாச்சி திட்டவில்லை. கூட்டம் கலைந்ததும் மாப்பிள்ளையை அழைத்துக் கட்டுவதுபோல் கையை வைக்கச் சொல்லி எடுத்துக்கொண்டார். அந்த வீட்டு ஆல்பத்தில் இன்றும் அந்தப் பொய்த் தாலிதான் இருக்கிறது. ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

தாலியிலேயே இவ்வளவு தாராளமாக இருந்த மனிதர் குரூப் போட்டோவில் ராட்சசனாகிவிடுவார். கல்யாணம் முழுவதையும் என்னிடமும் முப்பத்தைந்து மில்லிமீட்டர் கேமராவிடமும் விட்டுவிட்டு ஓரமாக வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார். குடும்பத்தார் கூடியதும் பையிலிருந்து பழைய யாஷிகா வெளியே வரும். மேலிருந்து குனிந்து பார்க்கிற இரட்டை லென்ஸ் கேமரா. ரோலுக்குப் பன்னிரண்டே படம், ஆனால் நெகட்டிவ் ஆறு சென்டிமீட்டர்ச் சதுரம். ஸ்டூலைப் போட்டு ஏறிக்கொள்வார். பின்வரிசையில் ஒரு தலை மறைந்தாலும் எடுக்க மாட்டார். பெண் வீட்டாரில் யார் எங்கே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று ஆள் அனுப்பித் தேடுவார். வயதாகிவிட்டது, பழைய பழக்கம் விடவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சேர்ந்த அடுத்த வருடம் ஒரு சித்திரை மாதம், காலையில் கடை திறக்கும்போதே இரண்டு பேர் வாசலில் நின்றார்கள். கையில் ஆல்பம், தலை மொட்டை. மூன்று மாதத்துக்கு முன், தையில் நாங்கள் எடுத்த கல்யாணம். அதன் குரூப் போட்டோவில், மூன்றாம் வரிசையில், இடமிருந்து நான்காவதாக நின்ற ஒருவரை விரலால் தொட்டுக் காட்டினார்கள். அவர்களுடைய அப்பா. பதினாறாம் நாளுக்குள் பெரிய படமாக வேண்டும், மாலை போட வேண்டும். வேறு படம் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. அறுபத்திரண்டு வருடம் வாழ்ந்த மனிதருக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே முகம் அது.

அப்புறம்தான் கவனிக்க ஆரம்பித்தேன். ஆல்பத்தை எடுத்துக்கொண்டு திரும்பி வருகிறவர்கள் யாரும் மணமக்கள் படத்துக்காக வருவதில்லை. ஓரத்தில் நிற்கும் அத்தைக்காகவும், தட்டு ஏந்தி நிற்கும் பெரியம்மாவுக்காகவும், கண்ணை மூடிவிட்ட தாத்தாவுக்காகவும்தான் வருகிறார்கள். அந்தத் தலைமுறையில் பலருக்கும் படமெடுத்தால் ஆயுள் குறையும் என்ற நம்பிக்கை இருந்தது. கல்யாண மேடையில்தான், மறுக்க முடியாமல், ஒருமுறை அகப்படுவார்கள்.

கணக்கைப் பாருங்கள். முப்பத்தைந்து மில்லிமீட்டர் நெகட்டிவின் அகலம் 36 மில்லிமீட்டர். அதில் பன்னிரண்டு பேர் நெருக்கி நின்றால் ஒரு முகத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் கிடைத்தால் அதிகம். அதைச் சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிதாக்கினால் முகம் முழுக்கக் கடுகு கொட்டியதுபோல் புள்ளிகள். யாஷிகாவின் நெகட்டிவில் அதே முகம் சற்றுப் பெரிதாக விழும். படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜரை முழு உயரத்துக்குத் தூக்கி, ஊட்டியில் தயாரான 'இந்து' என்ற போட்டோத் தாளில் பிரிண்ட் போட்டு, அதன் மேல் தூரிகையால் டச்சிங் செய்து, மறுபடி அதைப் படமெடுத்து, மறுபடி பிரிண்ட். முன்னால் நிற்பவரின் தோளைத் தேய்த்து அழித்து அந்த இடத்தில் ஒரு சட்டைக் காலர் வரைய வேண்டும். அண்ணாச்சி எல்லாருக்கும் ஒரே காலர்தான் வரைவார். கோவில்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் சட்டையே போடாத சம்சாரிகள், அதாவது விவசாயிகள், பலர் அந்தக் காலரோடுதான் சுவரில் இருக்கிறார்கள்.

உங்கள் கேமரா 24 மெகாபிக்சல் என்று வைத்துக்கொள்வோம். அகலத்தில் 6000 புள்ளிகள். மேடை நிறைய நாற்பது பேரை நிறுத்தி, இடம் பற்றாமல் அகலக்கோண லென்ஸ் போட்டால் ஒரு முகத்துக்கு நூற்றைம்பது புள்ளிகூடத் தேறாது. ஓரத்தில் நிற்பவர் முகம் பக்கவாட்டில் இழுபட்டுப் பூசணியாகியிருக்கும். நல்ல பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். அப்படியானால் அந்த முகம் அரை அங்குலம். அண்ணாச்சியின் பழைய பெட்டியைவிட நீங்கள் அப்படியொன்றும் பெரிய வசதியில் இல்லை.

உங்கள் கேண்டிட் படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடிதத்தோடு எனக்கு அனுப்பிய பத்துப் படங்களும் அழகு, அந்த அப்பளக் குழந்தையை நான் மறக்கப் போவதில்லை. ஆனால் பத்திலும் ஒருவர் முகம்தான் தெளிவு. லென்ஸின் துளையை 1.4-க்கு அகலத் திறந்து வைத்து எடுத்திருக்கிறீர்கள். மற்றதெல்லாம் வெண்ணெயாக உருகியிருக்கிறது. பின்புலத்தை அழகாக மங்கவைத்தேன் என்று படங்களோடு குறிப்பு எழுதியிருக்கிறீர்கள். அது பின்புலம் இல்லை, க., அது பெரியப்பா. வேட்டி மடிப்புக் கலையாமல், சவரம் செய்து, விபூதி பூசி, இரண்டு பஸ் மாறி வந்து நிற்கிறார். உங்கள் நண்பரின் புலிக்குப் பின்னால் இருக்கும் புதரை உருக்கினால் புதர் கேட்டுக்கொண்டு வராது.

1858-இல் லினேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக மதுரையையும் தஞ்சாவூரையும் படமெடுத்தார். கோபுரமும் தூணும் கல்வெட்டும் துல்லியமாக இருக்கும். ஆட்கள் அநேகமாக இல்லை. கல்தான் அசையாமல் நிற்கும். நம் ஜனங்களின் முகங்கள் சேரத் தொடங்கியது பிற்பாடு, ஸ்டூடியோக்களில். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழகத்தின் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடி எண்மமாக்கியிருக்கிறது. தூணில் கைவைத்து நிற்கும் தம்பதிகள், மேசையில் கடிகாரம், விறைத்த குழந்தைகள். எடுத்தவர்களில் எவரும் தன்னைக் கலைஞன் என்று நினைத்திருக்க மாட்டார். நாங்களும் நினைக்கவில்லை. நான் வேலையை விட்டுச் சில வருடம் கழித்து அந்த ஸ்டூடியோ மூடப்பட்டபோது, கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களை வெள்ளி எடுப்பவர் எடைபோட்டு வாங்கிப் போனார். கலர் நெகட்டிவில் வெள்ளி தங்காது, கழுவும்போதே போய்விடும். அதனால் அவற்றைக் குப்பையில் கொட்டினார்கள். உங்கள் ஹார்ட் டிஸ்க்குகளை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது, வேண்டாம்.

நான் சொல்ல வந்தது வேறு. அண்ணாச்சிக்குக் காய்ச்சல் என்று ஒரு கல்யாணத்துக்கு நான் மட்டும் போனேன். குரூப் போட்டோ எடுக்கும்போது மணி இரண்டு. பசி. யாஷிகாவை வெளியே எடுக்கவில்லை, ஸ்டூலில் ஏறவுமில்லை. கையிலிருந்த கேமராவில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் பந்திக்குப் போய்விட்டேன். ஐந்தாறு மாதம் கழித்து ஒரு பெண் வந்தார். மணப்பெண்ணின் அக்கா. கணவர் போய்விட்டார். மூன்றாம் வரிசையில் அவர் நின்றிருக்கிறார். முன்னால் நின்றவரின் தலைக்கு மேல் நெற்றியும் ஒரு கண்ணும் மட்டும் தெரிகின்றன. இரண்டு படத்திலும் அப்படியே. அந்த அம்மா என்னை எதுவும் சொல்லவில்லை. படத்தை வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார், சாய்த்தால் மிச்ச முகம் தெரியும் என்பதுபோல்.

கடைசியில் அண்ணாச்சி ஒரு வழி சொன்னார். இறந்தவருக்கு ஒரு தம்பி உண்டு, ஒரே சாயல். அவரை வரச்சொல்லி ஸ்டூடியோவில் உட்காரவைத்தோம். மீசையைச் சற்று அடர்த்தியாக்கி, காதோரம் நரை வைத்து, அந்த அம்மா பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல இடது கன்னத்தில் ஒரு மச்சம் போட்டோம். நெற்றியையும் அந்த ஒரு கண்ணையும் என் படத்தைப் பார்த்துத் திருத்தினார் அண்ணாச்சி. படத்தைக் கையில் வாங்கியதும் அந்த அம்மா அழுதார். அவர்தான் என்றார். ஒவ்வொரு வருடமும் திதிக்கு அந்தத் தம்பி வந்து, தன் முகத்துக்குத் தானே மாலை போட்டுவிட்டுப் போவார் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் ஸ்டூலில் ஏறியிருந்தால் இது நடந்திருக்காது.

மேடையைச் சுங்கச்சாவடி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மேடையில் உங்களுக்கு இருக்கும் அதிகாரம் வேறு யாருக்கும் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? சம்பந்திகள் ஒருவரை ஒருவர் மதிக்காமல் போகலாம். போட்டோக்காரன் சொல்லுக்கு ஊர்ப் பெரிய மனிதரும் இரண்டடி தள்ளி நிற்பார். அண்ணாச்சி இதைக் கெட்டிக்காரத்தனமாகப் பயன்படுத்துவார். மாப்பிள்ளையின் அம்மா கைம்பெண்ணாக இருந்தால் பல வீடுகளில் மேடைக்கு வர மாட்டார், வரவும் விட மாட்டார்கள். சமையற்கட்டு வாசலில் தூணோடு தூணாக நிற்பார். அண்ணாச்சி அவருக்காக வாதாட மாட்டார், சீர்திருத்தம் பேச மாட்டார். கேமராவுக்குள் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்து, இடது பக்கம் ஒரு ஆள் குறைகிறது, படம் சாய்கிறது என்பார். யாரையாவது கொண்டுவந்து நிறுத்துவார்கள். இவர் உயரம், இவர் சேலை நிறம் ஒத்துவரவில்லை என்று ஒவ்வொருவராகத் தள்ளிவிடுவார். பிறகு தூணைக் காட்டி, அந்த அம்மா உயரம் சரியாக இருக்கும், கொஞ்சம் வரச்சொல்லுங்கள் என்பார். வெளிச்சத்தையும் உயரத்தையும் பற்றிப் போட்டோக்காரனோடு யாரும் சண்டைக்கு வருவதில்லை. மகன் பக்கத்தில் அம்மா நிற்பதற்கு இப்படி ஒரு பொய் தேவைப்பட்டது. இன்றைக்கும் சில மண்டபங்களில் தேவைப்படுகிறது என்று நினைக்கிறேன். நீங்கள் மேடையை விட்டுவிட்டால் அந்தப் பொய்யைச் சொல்ல ஆள் கிடையாது.

கேண்டிட்டை விடச் சொல்லவில்லை. நானூறு பேர் வரிசையை உதவியாளரிடம் கொடுங்கள், அதில் தவறில்லை. இரண்டு வீட்டுக் குடும்பப் படங்களை மட்டும் நீங்களே எடுங்கள், அதுவும் பந்திக்கு முன்னால். நாற்பது பேரை ஒரே படத்தில் அடைக்காமல் பதினைந்து பதினைந்தாகப் பிரியுங்கள். லென்ஸின் துளையை எட்டுக்குச் சுருக்குங்கள், குவியத்தை இரண்டாம் வரிசையில் வையுங்கள். ஃபிளாஷைப் பின்னால் இழுத்து உயரத்தில் வைத்தால் முன்வரிசை வெளுக்காது, பின்வரிசை இருட்டாகாது. மூன்று முறை எடுங்கள், யாராவது ஒருவர் கண்ணை மூடியிருப்பார்.

மண்டபத்துப் பிளாஸ்டிக் நாற்காலியை நம்பி ஏறாதீர்கள், கால் பிளந்து நான் விழுந்திருக்கிறேன். நல்ல மர ஸ்டூல் ஒன்று வாங்கி வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டடி உயரம் போதும். கடைசி வரிசையில் நிற்பவர்களின் மோவாய் தெரிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு அழுத்துங்கள்.