குறை சொல்ல ஆளில்லாத வேலை

அன்புள்ள ஐயா,

ஒரு நிறுவனத்தில் ஒன்பது வருடமாக மாதாந்திர விற்பனை அறிக்கை தயாரிக்கிறேன். சேர்ந்த புதிதில் ஒவ்வொன்றுக்கும் மெனக்கெடுவேன். இப்போது பழைய கோப்பைத் திறந்து, எண்களையும் தேதியையும் மாற்றி அனுப்பிவிடுகிறேன். போன மாதம் விற்பனை குறைந்ததற்கு எழுதிய காரணம், விற்பனை கூடியிருக்கும் இந்த மாத அறிக்கையிலும் அப்படியே போய்விட்டது. ஒருவரும் கவனிக்கவில்லை. அதுதான் உறுத்துகிறது. நண்பர்களோ, “வாங்குற சம்பளத்துக்கு இது போதாதா?” என்கிறார்கள். வீட்டிலும் இதே கதை. மகள் பேசும்போது ‘ம்’ கொட்டிக்கொண்டே போனைப் பார்க்கிறேன். சுமாராகவே வாழ்ந்து முடித்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. வேலையை மாற்றினால் சரியாகுமா?

கே.

அன்புள்ள கே.,

முதலில் அந்த அறிக்கைக்குத் திருத்தம் அனுப்பிவிட்டு வாருங்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.

உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி சரி. மனிதர்கள் எல்லாவற்றிலும் ஆகச் சிறந்ததைத் தேடிக்கொண்டிருப்பதில்லை, போதுமானது கிடைத்ததும் நிறுத்திக்கொள்கிறார்கள் என்று ஹெர்பர்ட் சைமன் 1950களிலேயே விளக்கினார். 1978இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். நமக்குள்ள நேரமும் கவனமும் அவ்வளவுதான். ஒவ்வொரு மின்னஞ்சலையும் செதுக்கிக்கொண்டிருப்பவர் முக்கியமான வேலையைத் தொடவே மாட்டார். (சிலரைப் பார்த்திருக்கிறேன். எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பதற்குள் பொழுது போய்விடும்.)

ஆனால் நீங்கள் எங்கே நிறுத்திக்கொள்வது என்று யோசித்து நிறுத்தவில்லை. கை தானாக நின்றுவிட்டது. இதைச் சோம்பல் என்று சொல்லித் திட்டிக்கொள்ளாதீர்கள். வேலை நன்றாகப் பழகிவிட்டதால் வந்த வினை இது. 1897இல் பிரையன், ஹார்ட்டர் என்ற இருவர் தந்தி கற்பவர்களை ஆராய்ந்தார்கள். செய்தியைக் கேட்டு எழுதும் வேகம் கொஞ்ச காலம் ஏறும். பிறகு தினமும் பழகினாலும் நீண்ட நாள் ஒரே இடத்தில் நிற்கும். உங்கள் ஒன்பது வருடத்திலும் அப்படியொரு நீண்ட சமதளம் இருக்கிறது.

நிற்பதாவது பரவாயில்லை, இறங்கவும் செய்யும். மருத்துவர்களின் பணி அனுபவத்தையும் சிகிச்சைத் தரத்தையும் ஒப்பிட்ட 62 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த மீளாய்வு ஒன்று 2005இல் வெளிவந்தது. அவற்றில் பாதிக்குச் சற்று அதிகமானவற்றில், அனுபவம் கூடக்கூட, அளந்து பார்த்த எல்லா அம்சங்களிலும் தரம் குறைந்திருந்தது. மருத்துவம் படித்துத் தேறியவர்களைச் சோம்பேறிகள் என்று யார் சொல்வார்? ஆண்டுகள் ஏறினால் தரமும் தானே ஏறிவிடும் என்று நம்பியிருக்க முடியாது, அவ்வளவுதான்.

உங்களுக்கு இல்லாதது குறை சொல்லும் ஆள். அலுவலகம் அப்படி ஒருவரைத் தராது, நீங்களே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியதுதான். அட்டவணை, தலைப்பு, வரைபடம் எல்லாவற்றையும் பழைய கோப்பிலிருந்தே எடுங்கள், தப்பில்லை. ‘காரணம்’ என்ற பகுதியை மட்டும் முழுக்க அழித்துவிட்டு, வெற்றிடத்திலிருந்து எழுதுங்கள். கூடவே, அடுத்த மாதம் விற்பனை என்னவாகும், ஏன் என்று நாலு வரி தனியாக எழுதித் தேதி போட்டு வையுங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம். அடுத்த மாத எண்கள் வந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கணிப்பு தவறியிருந்தால் நீங்கள் சொன்ன காரணத்தில் எங்கோ ஓட்டை. முதலிரண்டு மாதம் எரிச்சலாக இருக்கும். எண்களுக்கு முகதாட்சண்யம் கிடையாது.

மகள் விஷயத்துக்கு ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். போனை வேறு அறையில் வையுங்கள். அவள் சொல்லி முடித்ததும் அதிலிருந்தே ஒரு கேள்வி கேளுங்கள். காது கொடுக்காமல் அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது.

வேலை மாற்றம்? புது இடத்தில் எல்லாமே புதிது என்பதால் முதல் ஆறு மாதம் கவனம் தானாக வரும். திருந்திவிட்டோம் என்று நம்பிவிடுவீர்கள். அப்புறம் அங்கேயும் ஒரு பழைய கோப்பு சேர்ந்துவிடும். அதனால் சில மாதங்கள் இங்கேயே இந்தக் கணிப்பை எழுதிப் பாருங்கள். உங்கள் ‘காரணம்’ பகுதி தேறிய பிறகும் அதைப் படிக்க அங்கே ஆளில்லை என்றால், தாராளமாக விண்ணப்பம் போடுங்கள். நேர்காணலில் சொல்வதற்கு ஒன்பது வருட அனுபவத்தைத் தவிர வேறு விஷயமும் உங்களிடம் இருக்கும்.