வண்டிப் புகையையும் எரிபொருள் மாசையும் எப்படிக் குறைப்பது? குமரி மாவட்டத்திலிருந்து ஒரு பதில்

பெட்ரோல், டீசல், நிலக்கரி ஆகியவற்றை எரிப்பதால் உண்டாகும் காற்று மாசைக் குறைக்க என்ன செய்யலாம் என்றும், கடலும் மலையும் சூழ்ந்த கன்னியாகுமரி மாவட்டத்தில் இருப்பவர்கள் இதைப் பற்றிக் கவலைப்படத்தான் வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நாகர்கோவிலுக்கும் தக்கலைக்கும் இடையே எஞ்சினுக்கு டீசலைத் தள்ளும் பம்பையும், அதை உள்ளே தெளிக்கும் நாசிலையும் பழுது பார்க்கும் பட்டறை நடத்துகிறவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன். கவலைப்படத்தான் வேண்டும் என்பது என் கருத்து. எந்தப் புகை மனிதரின் மூக்குக்கு மிக அருகில் வெளியேறுகிறதோ, அதை முதலில் குறைக்க வேண்டும் என்பதே நான் சொல்ல விரும்புவது.

நம்மூரில் காற்று அடித்துக்கொண்டே இருப்பதால் புகை தங்காது என்று பலரும் சொல்வார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் வேகத்தையும், அதை நம்பி 1980-களிலிருந்து முப்பந்தலில் நிறுத்தப்பட்ட காற்றாலைகளையும் பார்த்தவர்களுக்கு அந்த எண்ணம் வருவது இயல்புதான். மாவட்டத்தின் சராசரியை எடுத்துக்கொண்டால் அதில் உண்மையும் உண்டு. ஆனால் சராசரியை யாரும் சுவாசிப்பதில்லை. களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரும் நெடுஞ்சாலையில் கடைகளும் வீடுகளும் சாலையை ஒட்டியே நிற்கின்றன. பல இடங்களில் லாரியின் புகைக்குழாய்க்கும் கடைத் திண்ணைக்கும் இடையே இரண்டு கை தூரம்கூட இருக்காது. வண்டிப் புகையின் அடர்த்தி சாலையோரத்தில்தான் மிக அதிகம். சில நூறு மீட்டர் உள்ளே தள்ளிப் போனால் அது வெகுவாகக் குறைந்துவிடும். மார்த்தாண்டம் மேம்பாலத்தின் கீழே நாள் முழுவதும் கடை வைத்திருப்பவரும், வடசேரி பேருந்து நிலையத்தில் பூ விற்பவரும் சுவாசிக்கும் காற்று வேறு, பேச்சிப்பாறை அணையோரம் வீசும் காற்று வேறு. சாலையோர வீட்டின் ஜன்னல் கம்பியை வெள்ளைத் துணியால் ஒரு முறை துடைத்துப் பாருங்கள். துணியில் ஒட்டும் எண்ணெய்ப் பிசுக்குள்ள கருமையில் செம்மண் தூசு மட்டும் இல்லை, டீசல் கரியும் இருக்கிறது.

கண்ணுக்குத் தெரியும் கரியைவிடத் தெரியாதது கொடியது. 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவுமான விட்டமுள்ள நுண்துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் தடுக்கப்படாமல் நுரையீரலின் அடிவரை செல்கின்றன. அவற்றில் மிக நுண்ணியவை இரத்தத்திலும் கலக்கின்றன. அதனால்தான் காற்று மாசு ஆஸ்துமாவோடு நில்லாமல் மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் காரணமாகிறது. இந்த நுண்துகள் ஒரு கனமீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வரையறுத்தது. இந்தியாவின் வரம்பு இன்னும் 40 மைக்ரோகிராமில்தான் நிற்கிறது. ஆகவே அரசின் அளவுகோலில் தேறிய காற்று உடம்புக்குத் தீங்கற்றது என்று எடுத்துக்கொள்ள முடியாது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012-இல் உறுதியாக அறிவித்தது. அந்தப் புகைக்கு நடுவே பிழைப்பு நடத்தும் எங்களைப் போன்றவர்களுக்கு இது ஏட்டுச் செய்தி அல்ல.

டீசல் எஞ்சின் ஏன் கரும்புகை தள்ளுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தீர்வில் ஒரு பெரும் பங்கு அங்கேதான் இருக்கிறது. கழற்றிய நாசிலைச் சோதனைக் கருவியில் மாட்டிக் கைப்பிடியை அழுத்தினால், நல்ல நாசில் 'கிர்' என்ற சத்தத்தோடு டீசலை மார்கழிப் பனி போல நுண்மையாகத் தெளிக்கும். தேய்ந்துபோன நாசிலில் அந்தச் சத்தம் இருக்காது. டீசல் ஒரு பக்கமாக ஒழுகும், நுனியில் சொட்டுக் கட்டி நிற்கும். அந்தச் சொட்டு எஞ்சினுக்குள் முழுதாக எரியாது. வெளிப்புறம் வெந்து உட்புறம் கரியாகி, புகைக்குழாய் வழியே வெளியேறும். ஏர் ஃபில்டர் அடைத்துக்கொண்டாலும் போதிய காற்றில்லாமல் இதே கதைதான். இதையெல்லாம் சரிசெய்ய ஆகும் செலவு, வீணாகும் டீசலின் விலையோடு ஒப்பிட்டால் அதிகமில்லை. கரும்புகை என்பது வண்டி முதலாளி காசு கொடுத்து வாங்கி எரிக்காமல் விட்ட டீசல்தான்.

ஆனால் பட்டறைக்கு வரும் ஓட்டுநர்கள் புகையைப் பற்றிக் கேட்பது அபூர்வம். "அண்ணாச்சி, வண்டிக்குப் புல்லிங் இல்ல, கொஞ்சம் கூட்டி வச்சுத் தாங்க" என்றுதான் கேட்பார்கள். பழைய வகைப் பம்புகளில் டீசல் அளவைக் கூட்டி வைக்க முடியும். உள்ளே இழுக்கும் காற்று அதே அளவாக இருக்க டீசல் மட்டும் கூடினால், இழுவை சிறிது கூடும், புகை பெருமளவில் கூடும். குவாரியிலிருந்து பாறையும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு கேரளத்துக்குப் போகும் டாரஸ் எனப்படும் கனரக லாரிகள் அளவுக்கு மீறிய பாரத்தோடு ஏற்றத்தில் திணறும்போது நடப்பதும் இதுதான். அளவோடு பாரம் ஏற்றினால் இந்தக் கேள்வியே எழாது என்று நான் அவர்களிடம் சொல்வதுண்டு. நடைக் கூலியை நம்பி ஓட்டுகிற அவர்களிடம் மட்டும் சொல்லிப் பயனில்லை என்பதும் தெரியும். பாரம் ஏற்றும் இடத்திலேயே எடை பார்த்து அனுப்பும் முறை கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தால், சாலையும் பிழைக்கும், விபத்தும் குறையும், புகையும் குறையும்.

இங்கே புகைச் சான்றிதழின் குறை ஒன்றையும் குறிப்பிட வேண்டும். டீசல் வண்டியை நிறுத்தி வைத்து, கியரில் போடாமல் ஆக்சிலேட்டரை முழுதும் மிதித்து, வெளிவரும் புகை எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்று அளப்பதே அந்தச் சோதனை. பாரமே இல்லாத எஞ்சின் அதில் எளிதாகத் தேறிவிடும். அதே வண்டி மறுநாள் முழுப் பாரத்தோடு மேட்டில் ஏறும்போது வெளிவிடும் புகையை எந்தச் சான்றிதழும் சொல்லாது. ஆகவே சாலையிலேயே, ஏற்றமான இடங்களில், ஓடும் வண்டிகளைக் கண்காணித்துப் பழுது பார்க்கச் சொல்லித் திருப்பி அனுப்பும் ஏற்பாடு வேண்டும்.

புதிய வண்டிகளைப் பொறுத்தவரை உண்மையாகவே பெரிய முன்னேற்றம் நடந்திருக்கிறது. பிஎஸ் (பாரத் ஸ்டேஜ்) என்பது இந்திய அரசின் வண்டிப் புகை வரம்பு. பிஎஸ் 3 டீசலில் பத்து லட்சத்தில் 350 பங்கு வரை இருந்த கந்தகம் பிஎஸ் 4-இல் 50 ஆகவும், 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் வந்த பிஎஸ் 6-இல் 10 ஆகவும் குறைக்கப்பட்டது. கந்தகம் குறைந்ததால்தான் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டியைப் பொருத்த முடிந்தது. பெரிய வண்டிகளில் ஆட்ப்ளூ என்ற யூரியாக் கரைசல் நைட்ரஜன் ஆக்சைடுகளைச் சாதாரண நைட்ரஜனாகவும் நீராகவும் மாற்றுகிறது. இவ்வளவு நல்ல ஏற்பாட்டை, வடிகட்டி அடைக்கிறது, ஆட்ப்ளூ செலவு வைக்கிறது என்று சொல்லி அறுத்தெறிந்துவிட்டு வெறும் குழாயைப் பற்றவைத்துத் தரச் சொல்லிக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். நான் அதைச் செய்வதில்லை. தொழிலில் இருக்கும் மற்றவர்களும் செய்யக்கூடாது என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் அப்படி அறுத்த ஒரு வண்டி பல வண்டிகளின் கரியைத் தனியாகவே கக்கிக்கொண்டு போகும்.

எரிப்பதைச் சுத்தமாக எரிப்பது ஒரு பங்கு என்றால், எரிப்பதையே குறைப்பது அதைவிடப் பெரிய பங்கு. ஒரு லிட்டர் டீசல் எவ்வளவு சுத்தமாக எரிந்தாலும் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளிவந்தே தீரும். குழித்துறை, இரணியல் வழியாகத் திருவனந்தபுரம் செல்லும் ரயில் பாதை மின்மயமானது. காலையில் வேலைக்குப் போகிறவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் ஏற்ற நேரத்தில் கூடுதல் ரயில்கள் இந்தப் பாதையில் ஓடினால், நெடுஞ்சாலையில் தனித்தனியாகப் போகும் எத்தனையோ வண்டிகள் குறையும். கிராமத்துப் பேருந்தும் அப்படித்தான். பேருந்து நேரத்துக்கு வராததால் தவணையில் ஸ்கூட்டர் வாங்கிய குடும்பங்கள் நம் மாவட்டத்தில் ஏராளம். அவர்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

மின்சார வண்டி வாங்கினால் புகை தூத்துக்குடிக்குத்தானே இடம் மாறுகிறது என்று சிலர் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி சரியானதே. அங்கே தலா 210 மெகாவாட் திறனுள்ள ஐந்து அலகுகளோடு கட்டப்பட்ட அனல்மின் நிலையமும், அதற்குப் பின் வந்த வேறு நிலையங்களும் நிலக்கரியை எரிக்கின்றன. நிலக்கரிப் புகையின் கந்தக டை ஆக்சைடு காற்றில் கலந்து நெடுந்தூரம் பயணித்து நுண்துகளாகவே மாறுகிறது. அதைக் குறைக்க 2015-இல் கொண்டுவந்த விதியிலிருந்து பெரும்பாலான அனல்மின் நிலையங்களுக்கு 2025 ஜூலையில் விலக்கு அளிக்கப்பட்டது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ஆனாலும் மின்சார வண்டி தெருவில் நிற்கும் குழந்தையின் முகத்தில் புகை விடுவதில்லை. மேலும், டீசல் வண்டி கடைசி நாள் வரை டீசலில்தான் ஓடும். மின்சார வண்டிக்கு வரும் மின்சாரம் காற்றாலையும் சூரிய ஒளியும் பெருகப் பெருகச் சுத்தமாகிக்கொண்டே போகும். தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. காற்று ஓய்ந்த மாதங்களின் குறையைப் பகல் வெயில் ஓரளவு ஈடுசெய்யும் என்பதால், வீட்டுக் கூரையில் சூரியத் தகடு வைப்பது நம் மாவட்டத்துக்குப் பொருத்தமானது. 2024-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு.

கடற்கரை ஊர்களில் வள்ளங்களின் வெளிப்பொருத்து எஞ்சினைப் பெட்ரோலில் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுகிறார்கள். அந்த எஞ்சின்களில் பழைய டூ ஸ்ட்ரோக் வகை, எரிபொருளில் ஒரு பகுதியை எரிக்காமலே வெளியே விட்டுவிடும். புகையை முதலில் சுவாசிப்பவர் பின்னால் அமர்ந்து எஞ்சினைப் பிடித்திருக்கும் மீனவர்தான். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு மாற அவர்களுக்குத் தாராளமான மானியம் கிடைக்க வேண்டும், ஏனென்றால் கையில் இருக்கும் பணத்தைக் கொண்டு மட்டும் அவர்களால் மாற முடியாது.

தனிமனிதராகவும் ஊராகவும் உடனே செய்யக்கூடியதைக் கேட்டால், நான் முதலில் சொல்வது ஜெனரேட்டரைப் பற்றி. கோயில் கொடைக்கும் தேவாலயத் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் வாடகை ஜெனரேட்டரைக் கூட்டத்துக்கு நடுவிலேயே கொண்டுவந்து நிறுத்திவிடுகிறோம். 2023 ஜூலை முதல் புதிய ஜெனரேட்டர்களுக்குக் கடுமையான புகை வரம்பு வந்துவிட்டது என்றாலும், வாடகைக்கு வருபவை பெரும்பாலும் பழையவை. மின்வாரியத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்துத் தற்காலிக மின் இணைப்பு வாங்கினால் விழா விளக்குகள் அதிலேயே எரியும். ஜெனரேட்டர் மின்தடைக்கு மட்டும் போதும். அதையும் சமையல் பந்தலிலிருந்தும் குழந்தைகள் உட்காரும் இடத்திலிருந்தும் காற்று புகையை எதிர்ப்புறம் கொண்டுபோகும்படி தள்ளி நிறுத்தி, புகைக்குழாயைத் தலைக்கு மேலே உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள். வாடகை பேசும்போதே சொல்லிவிட்டால் அதற்கான குழாயை அவர்களே கொண்டுவருவார்கள்.